மணம் பிடிக்காத ஷேவிங் சோப்: மாற்ற வேண்டியது எதை?

ஷேவிங் சோப் ஒன்றை ஒதுக்கிவைக்கப் பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கும். நுரை சரியாக எழாது. தோல் வறண்டு எரியும். அல்லது மணம் பிடிக்காது. முதல் இரண்டில் குழப்பமில்லை. தன் வேலையைச் செய்யாத சோப்பை வைத்திருப்பதில் பொருளில்லை. மூன்றாவதில்தான் சிக்கல். கத்தி தடையின்றி இறங்குகிறது, நுரை கடைசிவரை ஈரத்தோடு நிற்கிறது, சவரம் முடிந்தபின் முகமும் மென்மையாக இருக்கிறது. ஆனாலும் டப்பாவைத் திறக்கும்போதே முகம் சுளிக்கிறது. இத்தகைய சோப்புக்குச் சொல்லப்படும் வழிகள் ஏராளம். திறந்து காற்றாட வை, வேறு வாசனை எண்ணெய் நாலு சொட்டு விடு, உருக்கி மறுபடி வார்த்துக்கொள், இன்னொரு சோப்போடு கலந்து பயன்படுத்து, போகப்போகப் பழகிவிடும், யாருக்காவது கொடு, தூக்கிப் போடு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குக் கைகொடுத்திருக்கலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று வரிசைப்படுத்த ஓர் அளவுகோல் வேண்டும். சோப்பை மீட்க முடியாதபடி மாற்றும் வழிகள் பெரும்பாலும் பலனற்றவை, சில சமயம் கேடு தருபவை. மூக்குக்கு எட்டும் மணத்தின் அளவைக் குறைக்கும் வழிகளோ எளியவை, எந்த நேரமும் கைவிடக்கூடியவை. ஆகவே அவைதான் முதலில் வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தோல் ஒவ்வாமை மட்டும் இதற்கு விலக்கு.

இந்த வாதத்துக்கான முதல் ஆதாரம் சோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. கட்டியான குளியல் சோப் சோடியம் உப்புகளால் ஆனது. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டும், வில்லை கெட்டிப்படுவதற்காக ஓரளவு சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டும் சோப்பாக்குகிறார்கள். பொட்டாசியம் சோப் தண்ணீரில் எளிதில் கரையும். ஸ்டியரேட் நுரையைக் கலையாமல் நிறுத்தும். தேங்காயெண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் நுரையைச் சட்டென எழுப்பும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இந்த வேலைகள் எதிலும் மணப்பொருளுக்குப் பங்கில்லை. அது பொதுவாக மொத்த எடையில் 1 முதல் 3 சதவீதம்தான். ஒரு சவரத்துக்கு ஏறத்தாழ 1 கிராம் சோப் செலவாகிறது என்று கொண்டால், 2 சதவீத மணப்பொருள் உள்ள சோப்பில் அன்றைக்கு நம்மைத் தொந்தரவு செய்வது 20 மில்லிகிராம் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி முகம் கழுவும் தண்ணீரோடு போய்விடும். இத்தனை சிறிய பகுதியைத் தனியே நீக்கிவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் மணப்பொருள்கள் கொழுப்போடு ஒட்டும் இயல்புடையவை. தயாரிப்பின்போதே வில்லை முழுவதும் ஒரே சீராகக் கலந்துவிடுகின்றன. மேற்பரப்பைச் சுரண்டினாலும் அடியில் அதே மணம்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி, ஒரு மணம் ஏன் பிடிக்காமல் போகிறது என்பது. வழி தேடுவோர் பலரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் எந்த வழி பலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். வெறுப்புக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது, பிறவியிலேயே மூக்குக்கு மூக்கு உள்ள வேறுபாடு. மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றின் அமைப்பு ஆளுக்கு ஆள் சற்றே மாறும். வயலட் பூவின் மணத்துக்கு ஆதாரமான பீட்டா அயனோன் என்ற வேதிப்பொருள் இதற்கு நல்ல சான்று. ஓ.ஆர்.5.ஏ.1 என்ற ஒரே மரபணுவின் வடிவத்தைப் பொறுத்து, அது சிலருக்கு இனிய பூ மணமாகவும், வேறு சிலருக்குப் புளித்த காடி நெடியாகவும் படுகிறது என்று 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே வயலட் மணமுள்ள ஒரு சோப்பை ஒருவர் புகழ்வதும் மற்றொருவர் சுளிப்பதும் ரசனைச் சண்டை ஆகாது. இருவர் மூக்கும் ஒரே பொருளிலிருந்து இருவேறு செய்திகளைப் பெறுகின்றன. இத்தகைய வெறுப்பைப் பொறுமையால் விருப்பமாக மாற்ற முடியாது.

இரண்டாவது ஊற்று நினைவு. பெரும்பாலான வெறுப்பு இங்கிருந்துதான் வருகிறது. விண்டர்கிரீன் எண்ணெயின் முக்கியப் பொருளான மெத்தில் சாலிசிலேட்டை எடுத்துக்கொள்வோம். 1960-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் அது மக்களுக்கு மிகவும் பிடிக்காத மணங்களுள் ஒன்றாக இருந்தது. 1970-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்விலோ மிகவும் பிடித்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பிரிட்டனில் அந்த மணம் வலிநிவாரணக் களிம்புகளோடும் போர்க்கால நினைவோடும் ஒட்டியிருந்தது, அமெரிக்காவில் புதினா மிட்டாயோடு ஒட்டியிருந்தது என்று உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ் விளக்குகிறார். தமிழ் வாசகர்களுக்கும் இது புதிதல்ல. அமிர்தாஞ்சன், அயோடெக்ஸ் போன்றவற்றில் உள்ளது இதே பொருள்தான். எனவே அந்த மணமுள்ள நுரையை முகத்தில் பூசினால் தலைவலி நாளின் ஞாபகம் வருவது வியப்பில்லை. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ப்ரோராசோவின் பச்சை வகையில் யூகலிப்டஸும் மெந்தாலும் உண்டு. இத்தாலியருக்கு அது முடிதிருத்துபவரின் கடையை நினைவூட்டும். நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடித்து வளர்ந்தவர்களுக்குச் சளியையும் காய்ச்சலையும் நினைவூட்டலாம். துருக்கியின் ஆர்கோ சோப்புக் குச்சியும் அப்படித்தான். அதன் எலுமிச்சைச் சாயல் கொண்ட நெடி கழிப்பறையில் போடும் வாசனைக் கட்டியைப் போலிருக்கிறது என்று மேலைநாட்டுப் பயனர்கள் பலர் குறைபடுவதுண்டு. விருந்தாளியின் கையில் எலுமிச்சைக் கொலோன் ஊற்றி வரவேற்கும் துருக்கியில் அதே சாயல் சுத்தத்தையும் உபசாரத்தையும் குறிக்கும்.

பெயர்ச்சீட்டு ஏற்படுத்தும் எதிர்பார்ப்பும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததே. ஹெர்ஸும் ஃபான் கிளெஃபும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அமிலக் கலவையைப் பார்மேசான் பாலாடைக்கட்டி என்று சொல்லிக் கொடுத்தபோது நல்லதாகவும், வாந்தி என்று சொல்லிக் கொடுத்தபோது சகிக்க முடியாததாகவும் மக்கள் மதிப்பிட்டார்கள். கலவை மாறவில்லை, பெயர்தான் மாறியது. சந்தனம் என்று எழுதிய சோப்பை வாங்கும் தமிழருக்கு நேரும் ஏமாற்றத்தை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். இந்தியச் சந்தன எண்ணெயின் விலை ஏறியதால், சாண்டலோர், ஜாவனால் போன்ற செயற்கைப் பொருள்கள் வாசனைத் தொழிலில் பரவலாகப் பயன்படுகின்றன. கல்லில் அரைத்த சந்தனத்தை அறிந்த மூக்கு அந்தப் பெயரைக் கண்டு ஒன்றை எதிர்பார்க்கிறது, இன்னொன்றைப் பெறுகிறது. சீட்டில் எழுதியிருப்பதை மறந்து, இதுவும் ஒரு மர வாசனை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் வெறுப்பு பாதியாகக் குறைய வாய்ப்புண்டு.

மூன்றாவது ஊற்று மணமே அல்ல. ஆனால் மணம் என்றே தவறாகப் பேசப்படுகிறது. மெந்தால், கற்பூரம் போன்றவை மூக்கின் மண ஏற்பிகளை மட்டுமல்லாமல், முகத்தின் முக்கிளை நரம்பையும் தூண்டுகின்றன. மெந்தாலின் குளிர்ச்சி டி.ஆர்.பி.எம்.8 என்ற ஏற்பியின் வழியே உணரப்படுவது. அது உண்மையில் ஒரு தொடு உணர்வு. கண் எரிவதும் மூக்கு நமநமப்பதும் இந்த வழியில் வருபவை. இதைவிட முக்கியமானது தோல் ஒவ்வாமை. சவரம் செய்யும்போது மயிரோடு தோலின் மேலடுக்கும் சிறிது உராய்ந்து போவதால், வாசனைப் பொருள்கள் உட்புகுவது எளிதாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைச் சீட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று 2005 முதல் கட்டாயமாக்கியது. 2023-இல் வந்த விதி அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக விரிவாக்கியது. கழுவிவிடும் பொருள்களில் 0.01 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போடவேண்டும். ஆகவே சிவப்புத் தடிப்பு, அரிப்பு, சவரத்துக்குப் பிறகும் நீடிக்கும் எரிச்சல் ஆகியவை தோன்றினால் கீழே சொல்லப்போகும் எந்த உபாயத்துக்கும் இடமில்லை. சோப்பை நிறுத்துவது ஒன்றே வழி. தொல்லை தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பழக்கத்தால் சரியாகும் என்று ஒவ்வாமையைப் பொறுத்துக்கொள்வது அதை வளர்க்கவே செய்யும்.

இனி வழிகளைப் பார்க்கலாம். மிகப் பரவலானது, மூடியைத் திறந்து வாரக்கணக்கில் காற்றாட விடுவது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வாசனைக் கலவையில் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மேல்மணங்கள் சீக்கிரம் ஆவியாகும். பச்சௌலி, வெட்டிவேர், கஸ்தூரிச் சாயல் கொண்ட செயற்கைப் பொருள்கள் ஆகிய அடிமணங்கள் நெடுநாள் தங்கும். எனவே காற்றாட விடும்போது முதலில் கிளம்பிப்போவது பெரும்பாலும் யாரும் வெறுக்காத புத்துணர்ச்சியான பகுதி. எஞ்சுவது பலரைத் தொல்லைப்படுத்தும் கனமான பகுதி. ஆவியாவதும் மேற்பரப்பிலிருந்து மட்டுமே நடக்கிறது. கெட்டி வில்லையின் நடுவிலுள்ளது மேலே வர மிக மெதுவாகவே நகரும். துருவி வைத்தால் பரப்பு கூடும் என்பது சரிதான். ஆனால் அப்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதிகமாகப் படும். எலுமிச்சை வகையிலுள்ள லிமோனீனும் லாவெண்டரிலுள்ள லினலூலும் காற்றுப்பட்டு ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும்போது, மூலப்பொருளைவிட வலிய ஒவ்வாமைக் காரணிகள் ஆகின்றன என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் நன்கு நிறுவியிருக்கிறார்கள். கடுமையான மேல்மணம் மட்டுமே தொல்லை என்றால் சில நாள் திறந்து வைப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் வைத்தால் மணத்தைவிட ஈரமே அதிகம் போகும், கிரீம் என்றால் அது காய்ந்து வீணாகும்.

வாசனை எண்ணெய் சேர்ப்பது இதைவிட மோசம். புதிய மணம் பழையதை அகற்றுவதில்லை, அதன்மேல் ஏறி உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கும், அது பிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தயாரிப்பாளர் வாசனைப் பொருளைத் தோலுக்கு ஏற்ற வரம்புக்குள் அளந்து சேர்த்திருப்பார். வீட்டில் விடும் சொட்டுகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது, அவை ஓரிடத்திலேயே தேங்கவும் செய்யும். லவங்க எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய் போன்றவை நேரடியாகப் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. வீட்டில் பலருக்கும் தோன்றும் இன்னொரு யோசனை எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுவது. அமிலம் பட்டதும் சோப் மீண்டும் கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். மணம் இருக்கும், நுரை போய்விடும். சமையல் சோடாவையோ கரித்தூளையோ டப்பாவில் வைத்தால் டப்பாவுக்குள்ளிருக்கும் காற்றின் வாசனையை அவை கொஞ்சம் உறிஞ்சும். வில்லைக்குள் இருப்பதைத் தொடாது. உருக்கி வார்ப்பதும் எல்லாச் சோப்புக்கும் ஒத்துவராது. கிளிசரின் வகை எளிதில் உருகும். ஸ்டியரேட் மிகுந்த கெட்டி வில்லையோ பசையாகத் திரண்டு, தண்ணீர் சேர்த்தால் முன்னிருந்த அடர்த்தியை இழக்கும். சூட்டில் முதலில் பறப்பதும் மேல்மணமே. இந்த வழிகள் எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான். நல்லபடி வேலை செய்யும் 97 சதவீதத்தைப் பணயம் வைத்து, பிரிக்க முடியாத 3 சதவீதத்தோடு மல்லுக்கட்டுகின்றன.

சோப்பைத் தொடாமல் மூக்குக்கு எட்டும் அளவைக் குறைக்கும் வழிகளுக்கு இந்தக் கோளாறு இல்லை. மணம் பரவுவதற்கு வெப்பமும் பரப்பும்தான் முக்கியம். வெந்நீரில் அடித்த நுரையிலிருந்து வாசனை மூலக்கூறுகள் வேகமாகக் கிளம்பும். தண்ணீரை வெதுவெதுப்பாகவோ குளிர்ந்ததாகவோ மாற்றினாலே நெடி தணியும். முகத்திலேயே பிரஷ்ஷைச் சுழற்றி நுரையாக்கும்போது மூக்கின் கீழேயே ஆவி எழுகிறது. கிண்ணத்தில் நுரையாக்கிக் கொண்டுவந்து பூசினால் அந்த நேரம் குறையும். மேலுதட்டுக்குக் கடைசியில் பூசி முதலில் மழிப்பதும், குளியலறையின் ஜன்னலைத் திறந்துவைப்பதும், சவரம் முடிந்தவுடன் பிரஷ்ஷை நன்றாக அலசுவதும் சிறிய செயல்கள்தான். ஆனால் சேர்ந்தால் வித்தியாசம் தெரியும். தண்ணீரின் தன்மையும் கணக்கில் வரவேண்டும். கால்சியம், மெக்னீசியம் மிகுந்த கடின நீரில் சோப்பின் ஒரு பகுதி கரையாத படிவாகி வீணாவதால், நுரை வர அதிகச் சோப் எடுக்க நேர்கிறது. அதிகச் சோப் என்றால் அதிக மணம். சென்னை போன்ற ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் சவரம் செய்பவர்கள் ஒரு குவளை வடிகட்டிய மென்னீரை எடுத்தாலே, குறைந்த சோப்பில் அதே நுரையைப் பெறலாம்.

இரண்டு சோப்புகளைக் கலந்து நுரையாக்குவதும் இந்த வகையில் சேரும். வில்லைகள் கலப்பதில்லை, அன்றைய நுரை மட்டுமே கலக்கிறது, பிடிக்காவிட்டால் மறுநாள் விட்டுவிடலாம். ஆனால் அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்ப்பது என்பதில் நிதானம் வேண்டும். பொருளின் அளவு பாதியானால் உணரும் மணமும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். புலன் உணர்வுகளை அளந்த எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் காட்டிய அடுக்கு விதிப்படி மணத்துக்கு அடுக்கெண் பொதுவாக 1-க்குக் குறைவு. அதை 0.5 அல்லது 0.6 என்று கொண்டால், அளவைப் பாதியாக்கும்போது உணரப்படும் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குறைகிறது. ஆகவே மணமற்ற சோப்பை நாலில் மூன்று பங்கும், பிடிக்காததை ஒரு பங்கும் எடுத்தால்தான் மணம் ஏறத்தாழப் பாதியாகும். மணமுள்ள இன்னொரு சோப்பைக் கலப்பதைவிட மணமற்றதைக் கலப்பதே மேல். இல்லாவிட்டால் எண்ணெய் சேர்ப்பதற்குச் சொன்ன அதே ஆட்சேபம் இங்கேயும் பொருந்தும்.

பழகிவிடும் என்ற வாதத்துக்கு ஆதாரம் உண்டா? அறிமுகமே விருப்பத்தைக் கூட்டும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் முன்வைத்த கருத்து புகழ்பெற்றது. ஆனால் மணத்தைப் பற்றி 1978-இல் கெயினும் ஜான்சனும் வெளியிட்ட ஆய்வு நுட்பமான திருத்தம் தருகிறது. திரும்பத் திரும்ப முகர்ந்தபோது இனிய மணம் இனிமையில் குறைந்தது, கெட்ட மணம் கெடுதலில் குறைந்தது. இரண்டும் நடுநிலையை நோக்கி நகர்ந்தன. இதன்படி பழக்கம் வெறுப்பைத் தணிக்கும், காதலாக மாற்றாது. சவரத்தின் மணம் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடுவதால், சகித்துக்கொள்ளும் அளவே போதுமானது. நாள் முழுக்கத் தோலில் தங்குவது பிறகு பூசும் லோஷனின் மணம்தான்; அதைப் பிடித்ததாகத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது மணமே இல்லாத படிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். காலையில் தனக்கென்று கிடைக்கும் சில நிமிடங்களை ஏன் சகித்துக் கழிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அதனால்தான் பழகிக்கொள்ளும் முயற்சிக்கு ஒரு வரம்பு வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் நினைவிலிருந்து வந்த வெறுப்பு தணியத் தொடங்கியிருக்கும். தணியவில்லையென்றால் அது மூக்கின் பிறவி அமைப்பாக இருக்கலாம். அதற்குமேல் காத்திருப்பதில் பயனில்லை.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபம் வலுவானது. ஒரு வில்லை சோப்புக்கு இத்தனை யோசனையா, தூக்கிப் போடுவதே மேல் என்பார்கள். ஏற்கெனவே கொடுத்த காசுக்காகப் பிடிக்காததைத் தொடர்ந்து பயன்படுத்தும் மனப்போக்கு உண்மையில் உண்டு. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றேதான், செலவழித்த காசுதான் அவர்களை இழுத்துச் சென்றது. ஆகவே காசு வீணாகிறதே என்பது மட்டும் சோப்பைத் தொடர்வதற்குக் காரணமாக முடியாது. ஆனால் அதே தர்க்கத்தை இன்னும் ஓர் அடி நீட்டினால் அது எறிவதற்கும் எதிராகப் பேசும். கொடுத்த காசை மறந்துவிட்டுப் பார்த்தால் எஞ்சும் கேள்வி, இந்த வில்லை இனி யாருக்குப் பயன்படும் என்பதே. 100 கிராம் வில்லை ஏறத்தாழ 100 சவரங்களுக்கு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்பவருக்கு ஆறு மாதத்துக்கு மேல். மணத்தின் மீதான வெறுப்பு ஆளைப் பொறுத்தது என்று மேலே கண்டோம். எனில் நமக்குக் காடியாகப் படுவது இன்னொருவருக்குப் பூவாக இருக்கும் வாய்ப்பு கற்பனையல்ல. கொடுப்பதுதான் மரபணுவால் வரும் வெறுப்புக்குச் சரியான தீர்வு. கொடுக்குமுன் மேலடுக்கைச் சீவி எடுத்து, உலரவிட்டு, மணம் இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வாங்கிக்கொள்ள ஆளில்லையென்றால் கை கழுவவும் துணி துவைக்கவும் அது சோப்பாகவே பயன்படும்; இறுக்கமான திருகாணி மரத்தில் எளிதாக இறங்கக் காய்ந்த சோப்பைத் தடவுவதும் பழைய வழக்கம்.

இத்தனையும் வாங்கியபின் எழும் கேள்விகள். வாங்குமுன் செய்யக்கூடியது சிறிதளவாக வாங்கிப் பார்ப்பது, டப்பாவை முகர்ந்ததை மட்டும் நம்பாமல் வெதுவெதுப்பான நுரையில் முகர்ந்து பார்ப்பது. உலர்ந்த வில்லையில் மறைந்திருக்கும் அடிமணம் நுரையில்தான் வெளிப்படும். வாசனையற்றது என்று விற்கப்படுவதிலும் கவனம் தேவை. கொழுப்பின் இயல்பான வாடையை மறைக்க மணப்பொருள் சேர்த்தவையும் அந்தப் பெயரில் விற்கப்படுவதுண்டு. வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை என்று சேர்மானப் பட்டியல் காட்டுகிறதா என்பதையே பார்க்க வேண்டும். ஏற்கெனவே வீட்டிலிருக்கும் சோப்புக்கு வரிசை தெளிவாகிறது. தோல் சிவந்தால் உடனே நிறுத்து. சிவக்கவில்லையென்றால் குளிர்ந்த நீர், கிண்ணம், குறைந்த அளவு, மணமற்ற சோப்போடு கலப்பு ஆகியவற்றால் நெடியைத் தணித்து இரண்டு மூன்று வாரம் பார். அப்போதும் ஒவ்வவில்லையென்றால் அதை விரும்பும் மூக்குக்குக் கைமாற்று. எண்ணெய்ச் சொட்டுக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அடுப்புக்கும் இந்த வரிசையில் எங்கேயும் இடமில்லை. வெறுப்பு வில்லையில் மட்டும் இருந்திருந்தால் அவை பலித்திருக்கும். மூக்கும் நினைவும் சேர்ந்து உண்டாக்கிய வெறுப்பை வில்லையை மாற்றித் தீர்க்க முடியாது.